ஒரு கீறல் பட விட்டதில்லை

உப்புவெளி
18.03.2024

அன்பான தம்பி பிரவீனனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் கொழும்பு வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். போனில் கதைத்தால் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பாய்தானே.

நீ கமராக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் 'நீலக்கரை' டின்மீன் தொழிற்சாலைக்கு வந்து போனதிலிருந்து இங்கே அதே பேச்சுத்தான். "உங்கட தம்பியா விளம்பரம் எடுக்கிறவர்?" என்று மனேஜர்கூடக் கேட்டார். பதினொரு வருடத்தில் அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம். எனக்குப் பக்கத்தில் மீன் வெட்டும் மெஷினில் நிற்கும் கிண்ணியா ஊர் ஜெஸ்மின், விளம்பரம் எப்ப வரும் என்று தினமும் கேட்கிறாள்.

ஒரு விஷயம். அம்மா போன பிறகு உன்னை வளர்த்த கதையை, கமராவுக்கு முன்னால் நீ கேட்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அது உனக்காகச் சொன்னது. ஊருக்குக் காட்டிவிடாதே.

உன் அக்கா
இரத்தினேஸ்வரி


வெள்ளவத்தை
02.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி வரி வரைக்கும் இரண்டு தரம் வாசித்தேன்.

நீங்கள் கதைத்ததைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அசையவில்லை. எந்த நடிகையிடமும் அந்த முகம் வராது. மீனைக் காட்டி மீன் விற்ற காலம் போய்விட்டது அக்கா. கடையில் பத்து விதமான டின் அடுக்கியிருக்கும், எல்லாவற்றுக்குள்ளும் ஒரே மீன்தான். ஏதோ ஒரு முகத்தை நம்பித்தான் சனம் கையை நீட்டுகிறது. அந்த நம்பிக்கையை அரை நிமிடத்துக்குள் உண்டாக்குவதுதான் என் தொழில்.

எப்போது வெளியிடுவது என்று கம்பனி இன்னும் சொல்லவில்லை. உங்கள் கதையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தலைகுனிவு வருகிற மாதிரி நான் ஏதும் செய்வேனா?

அன்புடன்
பிரவீனன்


உப்புவெளி
27.05.2024

அன்பான தம்பிக்கு,

எழுதக் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஜெஸ்மினின் வலக்கை மெஷினுக்குள் போய்விட்டது. நாலு விரலும் இல்லை. நான்தான் ஓடிப்போய் மெஷினை நிற்பாட்டினேன். அவள் கத்தவில்லை. "அக்கா, என்ட கை எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கத்திக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடி பெப்ரவரியிலேயே கழன்றது. நானும் அவளும் மேற்பார்வையாளர்களிடம் மூன்று தரம் போய்ச் சொன்னோம். "இந்த ஓடர் முடியட்டும், போடுவம்" என்றார்கள். இப்போது கம்பனி வேறு கதை சொல்கிறது. மூடி இருந்ததாம், அன்று காலை அவளே கழற்றினாளாம்.

அரசாங்கத்தின் தொழில் கந்தோரில் ஓர் அதிகாரி முன்னால் விசாரணை வரும். நான் சாட்சி சொல்லப் போகிறேன். வேலை போகும், தெரியும். பத்திரிகையிலும் செய்தி வந்துவிட்டது. திருகோணமலைக் கடைகளில் ஒருவரும் நீலக்கரை டின்னைத் தொடுகிறார்கள் இல்லை. உன் விளம்பரம் இனி வராதுதானே?

அக்கா


உப்புவெளி
19.08.2024

பிரவீனன்,

போனை எடுக்கிறாய் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

விளம்பரத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம். என் குரல். "சொந்தப் பிள்ளை மாதிரித்தான் பார்த்தது. ஒரு கீறல் பட விட்டதில்லை." பின்னால் புல்லாங்குழல். பிறகு தொழிற்சாலை, பிறகு பெரிதாக நீலக்கரை என்ற எழுத்து.

அது உன்னைப் பற்றிச் சொன்னது. அம்மா போனபோது உனக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது.

மே மாதம் டின்னைத் திருப்பி அனுப்பிய கடைகளில் இப்போது வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கிறார்கள். சந்தையில் ஒரு மனிசி என் கையைப் பிடித்து, "நீங்கள் சொன்னபடியால்தான் திரும்பவும் வாங்கினனான். நல்ல கம்பனி என்ன?" என்றா. ஜெஸ்மினின் கையைப் பற்றி அவவுக்கு ஞாபகமே இல்லை.

விசாரணையிலும் கம்பனி வக்கீல் அதைத்தான் போட்டுக் காட்டினார். "ஒரு கீறல் பட விட்டதில்லை எண்டு சொன்னது நீங்கள்தானே? அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" ஜெஸ்மின் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்தபோது அவளுடைய கணவர் றம்ஸான், "அக்கா, உங்கட வாயாலயா இது?" என்று கேட்டார்.

அடுத்த விசாரணை செப்டம்பர் 12ஆம் திகதி. இனி உனக்கு எழுத மாட்டேன்.

இரத்தினேஸ்வரி


வெள்ளவத்தை
01.09.2024

அக்கா,

விபத்துக்கு முன்பே செய்து முடித்த விளம்பரம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உண்மை அதுவல்ல. ஜூன் மாதம்தான் செய்தேன். உங்கள் மே மாதக் கடிதம் என் மேசையில் இருந்தது. கெட்டுப்போன பெயரை மீட்டுத் தரச் சொல்லிக் கம்பனி கேட்டது.

உங்கள் வசனத்தில் 'நான்' இல்லை, 'தம்பியை' இல்லை. யார் யாரைப் பார்த்தது என்று அதில் இல்லை. அந்த இடத்தில் கம்பனியின் பெயரைக் கொண்டுவந்து வைத்தேன். பத்து நிமிட வேலை. இப்போது நித்திரை இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் நின்று கதைக்கும் காட்சியில் வலப்பக்கம் அந்த மெஷின் தெரிகிறது. மூடி இல்லை, கத்தி வெளியே. படத்துக்கு அழகில்லை என்று அந்த ஓரத்தை நீக்கிவிட்டேன். நீங்கள் எழுதியதற்கு ஆதாரம் என் கையில் இருந்தது அக்கா. தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

வெட்டாத வீடியோ முழுவதையும், எடுத்த திகதியோடு, விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எதை எப்படி மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் என்னை வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார்கள். அதற்காக நீங்கள் இரங்க வேண்டாம்.

12ஆம் திகதி வந்து உங்கள் முகத்தையும் ஜெஸ்மினின் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிரவீனன்


உப்புவெளி
15.09.2024

தம்பி பிரவீனனுக்கு,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ அனுப்பியதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். "என்னை எப்பிடி அக்கா வளர்த்தனீங்கள்?" என்று முதலில் உன் குரல் கேட்டது. பிறகுதான் என் பதில். வக்கீல் கடதாசியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வலப்பக்கம் மெஷின் தெரிந்தது. அதன் அருகே ஜெஸ்மின். தன்னையும் படம் பிடிப்பது தெரியாமல், இரண்டு கையாலும் முக்காட்டை இழுத்துச் சரிசெய்கிறாள். "அதில நிப்பாட்டுங்க சேர்" என்றாள். அதிகாரி நிறுத்தினார். அவள் எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போய்ப் படத்தில் தெரிந்த தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளாகத் திரும்பி வரும்வரைக்கும் அதிகாரி படத்தை அப்படியே விட்டிருந்தார்.

பிழை கம்பனியுடையது என்று அதிகாரி எழுதிவிட்டார். நட்டஈடு கொடுக்க வேண்டும். விளம்பரத்தையும் நீக்கிவிட்டார்களாம். ஆனால் சனம் அதைப் போனில் வைத்திருக்கிறது. நேற்றும் கடைக்காரர் என்னை "டின்மீன் அக்கா" என்றுதான் கூப்பிட்டார். தீர்ப்பு என்னவென்று அவருக்குச் சொன்னேன். "அப்பிடியா?" என்றுவிட்டு மற்ற ஆளுக்குச் சாமான் கட்டப் போய்விட்டார்.

எனக்கும் தொழிற்சாலையில் வேலை இல்லை. நிலாவெளியில் ஒரு விடுதியில் குசினியில் சமைக்க ஆள் தேடுகிறார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.

உன்னில் கோபம் இல்லை என்று எழுத என்னால் ஏலாது. நீ செய்ததும் பெரிது, பிறகு அதை ஒப்புக்கொண்டதும் பெரிது. எது பெரிது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கந்தோர்ப் படியில் இறங்கும்போது ஜெஸ்மின் என்னோடு கதைத்தாள். போன விசாரணைக்குப் பிறகு இதுதான் முதல் தரம். "அந்த வீடியோத் துண்டை எடுத்துத் தரச் சொல்லுங்க அக்கா. என்ட கை தெரியிற படம் ஊட்டுல ஒண்டுமில்ல. சின்ன மகள் மறந்துருவாள்."

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. கிண்ணியாவில் அவள் வீட்டு வாசல் வரைக்கும் நான் உன்னோடு வருவேன். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும்.

அக்கா