வெளியே சென்ற நேரம்

விழுப்புரம்,
12-10-1989

அன்புத் தங்கை தாஜுன்னிசாவுக்கு,

கோவிந்தம்மாள் அக்கா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் உன் மாமியார் மஹபூப் பீவி அம்மாளும் சுகம்தானே? துபாயிலிருந்து உன் வீட்டுக்காரர் அமீர் பாட்சா ஒழுங்காகக் கடிதம் போடுகிறாரா? இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். காரணம் இருக்கிறது.

அதே பாசஞ்சர் ரயில், திண்டிவனத்தில் அதே கூட்டுறவுச் சங்க ஆபீஸ், அதே டைப்ரைட்டர். என் முழங்கால் மட்டும் பழையபடி இல்லை. பெண்களுக்குக் கக்கூஸ் இன்னும் கட்டவில்லை. நீ வேலையை விட்டுப் போன பிறகு பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போய்வருகிறேன். அதற்கும் அலுத்துப்போய்ப் பாதி நாள் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை ஓட்டிவிடுகிறேன். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனால், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், புண்ணியவான். டீக்கடைக்குப் போகிற ஆண்கள் யாரும் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை. ‘வெளியே சென்ற நேரம், திரும்பிய நேரம்’ என்று நான் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்க வேலையில் நூற்றுக்கு முப்பது இடம் பெண்களுக்கு என்று உத்தரவு வந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். நம் சங்கத்திலும் அப்படியே செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று கிளார்க் இடம், அதில் ஒன்று பெண்ணுக்கு. விண்ணப்பம் கொடுக்க 18ஆம் தேதி புதன்கிழமை கடைசி. அறிவிப்பை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? குடோனுக்குள், யூரியா மூட்டைக்குப் பின்னால். எந்தப் பெண் மூட்டையை நகர்த்திவிட்டுப் படிப்பாள்? நேற்று மேனேஜர் பாண்டுரங்கன் என் மேசைக்கு வந்து, “பொம்பளைங்க யாரும் வர்லன்னு இப்பவே ஒரு லெட்டர் அடிச்சி வெச்சிடும்மா. ஜல்தியா வேலை முடியும்” என்றார். அவர் மச்சான் பையன் தயாராக இருக்கிறான். அந்த லெட்டர் மேலே போய்விட்டால் பிறகு எந்தப் பெண் வந்தாலும் வாங்க மாட்டார்கள்.

நான் அடிக்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்த ஒரு சின்ன ஸ்பிரிங்கை நானே கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டேன். மெக்கானிக் புதன்கிழமைதான் வருவார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு திருட்டுத்தனம்! வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, ரிடையர் ஆகப்போகிற நேரத்தில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ ஏழு மாத வயிற்றோடு இருந்தபோது, அடிக்கடி சீட்டில் இருப்பதில்லை என்று மெமோ வந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். மேலிடத்திலிருந்து என்றேன். பொய். டைப் அடித்தவள் நான். ரிஜிஸ்டரைப் பார்த்து நீ வெளியே போன நிமிஷங்களைக் கூட்டிக் கொடுத்தவளும் நான். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே போவோம்? உன் பெயருக்குக் கீழேயே என் பெயர், அதே நிமிஷங்கள். தாஜுன்னிசா கணக்கு மட்டும் போதும் என்றார் மேனேஜர். கூட்டினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், தாஜு. நீ அழுதுகொண்டே பஸ் ஏறியபோது உன் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் டைப்பிங் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வா. குழந்தையை விட்டு வர முடியாவிட்டால் தூக்கிக்கொண்டே வா, நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய மெமோவைக் காட்டி மேனேஜர் மறுத்தால், நானும் அதே நேரத்தில்தான் வெளியே போனேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

உன் பிள்ளை நோய் நொடியில்லாமல் வளரட்டும். நீ வந்து என்னைத் திட்டு. ஆபீசில் எல்லார் எதிரிலும் திட்டு, நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் திட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடாதே அம்மா. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
கோவிந்தம்மாள்