கோவிந்தன் பேர் இல்லாத இசைத்தட்டு

என் அருமை மச்சான் கோவிந்தா,

போன வாரம் நீ இருந்திருக்க வேண்டும். கடைத்தெருக் கல்யாணத்தில் நம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனி மேனேஜர்!

அவரை உனக்கு மறந்திருக்காது. நீ பாட்டும் கிதாரும், தாஸ் அக்கார்டியனும், நான் டிரம்ஸுமாக அங்கே போய் வாசித்த அன்று, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து உன்னிடம் சொன்னாரே: "பாட்டு நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்தக் கிதார் இரைச்சலும் தகரச் சத்தமும் வேணாம். எங்க ஆளுங்க வாசிப்பாங்க, நீ மட்டும் இருந்து பாடு."

"நீ பாடிட்டு வா மச்சான், நாங்க ஊருக்குப் போறோம்" என்றேன். அதற்குள் நீ கிதார் ஒயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாய்.

"இன்னாடா பேசற? உன் தகரத்தை எடு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

திண்டிவனம் வரை நீ வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன நினைத்தாய்? நான் கேட்கவே இல்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, டிரம்ஸைத் துணி போட்டு மூடிவிட்டேன். உன் தங்கச்சி பத்மாதான் அந்தத் துணியை இழுத்துப் போட்டாள். "அண்ணன் பாட்ட நான் பாடறேன். நீங்க வாசிப்பீங்களா, மாட்டீங்களா?" பத்மா அப்படிக் கேட்டால் நான் மறுக்க முடியுமா? உன் கிதாரை இப்போது தாஸ் வாசிக்கிறான். உன் கை வராதுதான். ஆனாலும் வாசிக்கிறான்.

கல்யாணத்தில் நீ கட்டிய பாட்டைப் பத்மா பாடி முடித்ததும் மேனேஜர் மேடைக்கே வந்துவிட்டார். "இந்தச் சத்தத்தைத்தான் இப்ப காலேஜ் பசங்க கேக்கறாங்க. நீங்களே வாசிங்க, இவங்களே பாடட்டும். தட்டு போட்டுடலாம்."

தாஸ் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பாட்டைக் கட்டிய நீ இப்போது இல்லை என்று அவரிடம் சொன்னேன். "ஒரே விஷயம்" என்றார். "இசைன்னு எங்க மியூசிக் டைரக்டர் பேர்தான் போடுவோம். இறந்தவர் பேரைப் போட்டு என்ன ஆகப்போகுது?"

பத்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை, மச்சான். "எங்க அண்ணன் பேரு இல்லாத தட்டு எங்களுக்கு எதுக்கு சார்? பந்தி போட்டுட்டாங்க, சாப்டுட்டுப் போங்க" என்றாள். அவர் சாப்பிட்டார். மறுபடி கேட்டுப் பார்த்தார். போய்விட்டார்.

வருத்தமா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நம் பாட்டு தட்டில் சுழல்வதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையில்லையா?

ஆனால் நேற்று சிங்கவரம் திருவிழாவில் உன் பாட்டின் பாதியில் கரண்ட் போய்விட்டது. கிதார் நின்றது, மைக் நின்றது. பத்மா நிறுத்தவில்லை. நான் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். பார்த்தால், கூட்டமே அடுத்த வரியைப் பாடுகிறது! வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்கிற பெண்கள் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. தாஸ் அழுதான். நான் சிரித்துக்கொண்டே தட்டினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான். எந்த ஊர் மேடையானாலும், "இது செஞ்சி கோவிந்தன் கட்டின பாட்டு" என்று மைக்கில் சொல்லாமல் அதைத் தொடங்கமாட்டோம். மைக் இல்லாவிட்டால் கத்திச் சொல்லுவோம்.

உன் தகரக்காரன்,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
முருகேசன்