விரதம் என்று சொன்ன நாற்பத்தெட்டு நாட்கள்

அக்கா,

‘இது அருள் இல்லை, ஊசி.’ தைப்பூசத்தன்று நடுச்சாலையில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். இன்று காலை கிளினிக்கில் ரத்தம் எடுப்பதற்காகத் தாதி என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாடை ஏறியதும், உன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்த என் விரல்கள் நினைவுக்கு வந்தன. கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தாப்பாவிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அக்கா, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, “பொண்ணு நல்லா பொசுபொசுன்னு இருக்கு லா, தம்பிக்குக் கட்டில மாத்தணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு பாத்திரம் கழுவும்போது குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டிருந்தாய்.

அடுத்த வாரமே ஒரு சலூன்காரியிடம் உடம்பு இளைக்கும் பேக்கேஜ் எடுத்துவிட்டு வந்தாய். கர்ப்பிணிகளின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன், தினமும் ஓர் ஊசி. பசி தெரியாமலிருக்க, பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் மாத்திரைகள். சாப்பாடு என்று இரண்டு முட்டையும் ஓர் ஆப்பிளும். உன் வீட்டில் வைத்தால் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்பதால், ஜெலாப்பாங்கில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு ஊசி மருந்து வந்து சேர்ந்தது. வேலை முடிந்து நீ வருவாய். குத்துவது என் பொறுப்பு.

சாப்பிடாமலிருப்பதற்கு வீட்டில் ஒரு காரணம் வேண்டுமே. பால்குடம் எடுக்கப் போவதாகவும் ஒரு மண்டலம் விரதம் என்றும் சொன்னாய். அதன்பின் யாரும் உன்னை வற்புறுத்தவில்லை. கன்னம் ஒட்டியபோது, முகத்தில் களை வந்துவிட்டது என்றார்கள். எஸ்டேட் காலத்தில் காவடி எடுத்த பெரியப்பா, “இப்ப உள்ள புள்ளைங்கள்ல யாரு இப்படி இருக்கா?” என்று பக்கத்து வீடுகளில் சொல்லிப் பூரித்தார்.

எடையைக் குறைப்பது ஊசி அல்ல, பட்டினிதான் என்றும், அந்த மாதிரி மாத்திரைகள் இதயத்தைக் கெடுக்கலாம் என்றும் மருத்துவர்கள் எழுதியிருந்ததை உனக்குப் படித்துக் காட்டினேன்.

“புக்கு படிச்சே உனக்கு மண்ட காஞ்சிருச்சு.”

“உன் கை நடுங்குது பாருக்கா.”

“நெஞ்சுக்குள்ள உறுமியே அடிக்குது. பால்குடத்துக்குத் தனியா மேளக்காரங்க வேணாம் போ.” சிரித்து முடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாய். “அம்மாகிட்ட வாயத் தொறந்த, அப்புறம் எங்கிட்ட பேசாத.”

நான் ஊசியை எடுத்தேன்.

தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் வெயில் ஏறியிருந்தது. குடம் சரிந்து பால் உன் மஞ்சள் சேலையில் வழிந்தது. கண்கள் மேலே செருக, கீழே விழுந்து கைகால்களை உதறினாய். மேளக்காரர்கள் உன்னைச் சூழ்ந்து வேகத்தைக் கூட்டினார்கள்.

“அருள் வந்திருச்சு, யாரும் தொடாதீங்க” என்றார் பெரியப்பா.

பெரியம்மா கைகூப்பி அழுதாள். யாரோ உன் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். உன் உதடு நீலமாவதை நான் ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடினேனா, குத்திய கை என்னுடையது என்று தெரிந்துவிடும் என்பதாலா? இரண்டாவதுதான், அக்கா. இதை எழுதும்போதுதான் எனக்கே உறுதியாகிறது.

உதறல் நின்றதும் அருள் இறங்கிவிட்டது என்றார்கள். புகட்டிய தண்ணீர் வாயோரம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் ஓடி வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பெரியம்மா இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. தோலை எவ்வளவு கிள்ள வேண்டும், எத்தனை எண்ணிவிட்டு ஊசியை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் என் கைக்கு இன்னும் தெரிகிறது. அதை எப்படி மறக்கடிப்பது என்று தெரியவில்லை.

மருத்துவமனையில், ஏதாவது மருந்து சாப்பிட்டாளா என்று மருத்துவர் கேட்டார். “விரதம் டாக்டர், வெறும் விரதம்” என்றாள் பெரியம்மா. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: ஊசி, மாத்திரை, நாற்பத்தெட்டு நாள். அவர் முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, நீ பத்து நிமிடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொன்னார்.