மைதானத்தில் சித்தப்பா கிடையாது

ஸஹ்லே,
திராட்சைக் கொடி துளிர்க்கும் வாரம்.

செல்ல மருமகள் நஜ்லாவுக்கு,

ஆற்றங்கரைக் கூடைப்பந்துக் கழகத்தின் கோச்சும், பெக்கா பள்ளத்தாக்கிலேயே பெரிய தொண்டைக்குச் சொந்தக்காரனுமாகிய உன் நவூம் மாமா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா சல்வா, உன் அண்ணன் கத்தாஸ், தனிக் குடும்பம் போல் வாழும் அவன் முழங்கால்கள் இரண்டும், எல்லோரும் சுகம். ஹாலிஃபாக்ஸ் பனியில் நீயும் மூக்கு உறைந்துபோகாமல் இருக்கிறாய் என்று உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

போனில் நீ அழாத குறையாகக் கேட்டது ஒன்றுதான், அண்ணனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதே மாமா என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், கடைசி வரை படி, நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகாதே. கழகத்தின் கதை உனக்குத் தெரியும், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் வளைகுடாவுக்குப் பறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நோவாவோடு கப்பலில் வந்து இறங்கிய மூன்று மூத்தவர்கள், அவர்களுக்குத் தலைவன் உன் அண்ணன். அப்புறம் முளைக்கலாமா என்று மீசை இன்னும் முடிவெடுக்காத கல்லூரிப் பையன்கள், அவர்களில் கெட்டிக்காரன் ரொட்டிக்கடைக்காரர் மகன் எலியோ. இந்தக் கலவையை வைத்துக்கொண்டு முதல் பிரிவில் நிலைக்க வேண்டும், தவறினால் அரங்கத்தைப் பூட்டிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியாகிவிட்டது.

தோற்றுக்கொண்டே இருந்தோம். ஏன் என்று கேள். நம் வீட்டு வாசலில் விருந்தாளிகள் நின்றுகொண்டு நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று சூப் ஆறும்வரை மல்லுக்கட்டுவார்களே, அந்த வாசலைத்தான் இவர்கள் மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்! கூடைக்கு நேராக நிற்கும் எலியோ, "நீங்க போடுங்க சித்தப்பா" என்று, உறவில்லாவிட்டாலும் மூத்தவன் என்ற மரியாதைக்கு, பந்தைக் கத்தாஸுக்குக் கொடுப்பான். "அட, நீ போடு கண்ணு" என்று இவன் திருப்பிக் கொடுப்பான். அவன் மறுபடி, இவன் மறுபடி. பந்தை எறிய உள்ள இருபத்துநான்கு வினாடியும் கழிந்து மணி அடித்துவிடும், பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணி உட்கார்ந்து காபி குடிக்காததுதான் பாக்கி. கத்தாஸ் தப்பான இடத்தில் நின்றால்கூட எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான், பெரியவரை எப்படி அதட்டுவது! நான் போட்ட கூச்சலில் சிரியா எல்லையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன, இவர்கள் திருந்தவில்லை.

ஒரு நாள் எலியோவின் அப்பா கடையில் இவர்கள் பலகையில் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் தாவ்லே ஆடுவதைப் பார்த்தேன். அதே எலியோ பகடையை உருட்டிவிட்டுக் கத்தாஸைப் பார்த்து, "காயை எடுய்யா கிழவா, கை நடுங்குதா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்கிறான். கத்தாஸ் கோபிக்கவில்லை, "பால்பல்லு விழுந்துருச்சாடா உனக்கு?" என்று சிரிக்கிறான். தாவ்லே முன்னால் உட்கார்ந்துவிட்டால் நம் ஊரில் பாதிரியாருக்கே மரியாதை கிடையாதே! எனக்குள் ஆயிரம் விளக்கு எரிந்தது. மறுநாள் அந்தப் பலகையைத் தூக்கிப்போய் மைதானத்தின் ஓரத்தில் வைத்து, இன்று முதல் இந்த மைதானம் முழுவதும் தாவ்லே பலகை, இங்கே சித்தப்பா என்று சொல்பவன் எல்லோருடைய காலுறைகளையும் துவைப்பான் என்று அரசாணை போட்டேன். எலியோதான் முதலில் துவைத்தான். ஆற்றில் மீன்கள் மயங்கி மிதந்தன என்று கேள்வி.

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம், கடற்கரைக்காரர்களோடு. வென்றால் பிழைப்போம். முடிய ஒரு மூச்சுவிடும் நேரம்தான் பாக்கி, ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து கத்தாஸ் கையில், இரண்டு மலைகள் அவனை மறித்து நிற்கின்றன. எலியோ கத்தினான் பார், "பந்தைக் குடுத்துட்டு நகருய்யா, கிழவா!" உன் அம்மா செருப்பைக் கழற்றி, "எம் புள்ளையைக் கிழவன்னவன் எவன்டா?" என்று எழுந்துவிட்டாள். கத்தாஸோ பந்தைக் கொடுத்துவிட்டு, எலியோவைத் துரத்தி வந்தவனுக்குக் குறுக்கே சன்னீன் மலைபோல் போய் நின்றான். எலியோ எறிந்தான். பந்து வளையத்தின்மேல் ஒரு பருவகாலம் முழுக்கச் சுற்றியது, நானும் அதற்குள் கிழவனானேன், அப்புறம் கூடைக்குள் விழுந்தது, பிழைத்தோம்! அம்மா அந்தச் செருப்போடே எலியோவைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

நான் கத்தாஸிடம் பெஞ்சைப் பற்றிப் பேச மாதக்கணக்காக ஒரு பேருரை தயாரித்து வைத்திருந்தேன், கல்லும் கரையும். வீணாய்ப்போயிற்று. அவனே வந்து, "மாமா, அடுத்த வருஷம் எலியோ முதல்ல இறங்கட்டும். நான் பெஞ்சுல இருக்கேன். என் மூச்சைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வச்சுக்கறேன். அவன் கத்துனாத்தான் எனக்கும் வழி தெரியுது" என்றான். முகத்தைக் கூர்ந்து பார்த்தேன், வருத்தம் இல்லை நஜ்லா, பாரம் இறக்கியவன் முகம். அன்று விருந்துக்கு வந்த எலியோ வாசலில் நின்று, நீங்க முதல்ல சித்தப்பா என்று மறுபடி ஆரம்பித்தான். கத்தாஸ் அவன் பிடரியில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் வந்தான். கிப்பே கறியுருண்டை சூடாகவே இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, பனிக்கட்டியில் ஹாக்கி மட்டையோடு சறுக்கும் எவனையும் நம்பாதே. கடவுள் நீ கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்காமல் காக்கட்டும். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அழைக்கும்போது பெஞ்சு என்று சொல்லிப் பரிதாபப்படாதே. எடுத்த எடுப்பில் கிழவா என்று கூப்பிடு, எவ்வளவு சந்தோஷப்படுகிறான் பார்.

பாதி தகப்பனும் மீதி மாமனுமான,
நவூம்