நாம் அணைத்த சூடம்

அக்கா,

இன்று காலையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கால்வாயைத் தூர் வாரினார்கள். வாரியதை நம் மீன் கடைகளுக்கு எதிரிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நாற்றத்தில் ஈகூட மீனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று ஒரு குடத்தைக் கவிழ்த்தேன். சேற்றுக்குள்ளிருந்து நீலப் பிளாஸ்டிக் கவர் ஒன்று வெளியே வந்தது. வெள்ளைக் கோடு போட்ட நீலம். கிழியவில்லை, சாயமும் அவ்வளவாகப் போகவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது என் கவர். நம் வரிசையில் மற்றவர்களுக்கெல்லாம் கறுப்பு. நீலம் வாங்கினவள் நான் ஒருத்திதான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அது அப்படியே இருக்கிறது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நீ படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த மழை உனக்கு மறந்திருக்காது. கொருக்குப்பேட்டையில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் வந்தது, போனது. கால்வாயை ஒட்டி ரோட்டைவிடப் பள்ளமாக இருந்த உன் வீட்டில் மட்டும் இடுப்பளவு நின்றது. படுத்த படுக்கையாக இருந்த உன் புருஷனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். மூன்றாம் நாளும் வடியவில்லை. நீ புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் இறங்கினாய். நான் கரையிலிருந்து உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கையை விட்டு இழுக்க இழுக்கக் கொத்துக் கொத்தாகக் கவர். ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்தாய். உள்ளே மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இன்னாமே இது, நம்ம கடை வாடை அடிக்குது" என்றாய். "நம்மளே குட்த்துட்டு, நம்மளே என் வூட்ட அடச்சி வெச்சிகினோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை, காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்த கூடையை இறக்கக்கூட விடவில்லை நீ. மீன் விற்கிற எட்டுப் பேரையும் அம்மன் கோயில் வாசலில் நிற்க வைத்தாய். இனிமேல் யாரும் கவர் கொடுப்பதில்லை என்று ஆளுக்கொரு சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். போலீஸுக்குப் பயப்படாதவர்கள்கூடச் சூடம் அணைத்த சத்தியத்துக்குப் பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

தையல் கடையில் மிஞ்சின துணியை வாங்கிப் பை தைத்து வாடிக்கைக்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்தாய். அடுத்த வாரம் எல்லோரும் அந்தப் பையோடுதான் வந்தார்கள். பைக்கு உள்ளே ஒரு கவர்! "பை நல்லா கீது ஆயா, மீன் வாடை புட்ச்சிகினா கலீஜ் ஆயிடும்ல?" என்றான் ஒருத்தன். நீ தலையில் அடித்துக்கொண்டாய், நாங்கள் சிரித்தோம். அப்புறம் தூக்குச் சட்டி கொண்டுவரச் சொன்னாய். "ஓட்டல்ல சாம்பார் வாங்கப் போனா தூக்கு எட்த்துகினு போற, மீனுக்கு மட்டும் இன்னாய்யா வெக்கம்?" என்று ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டாய். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. வெறுங்கையோடு வந்தவர்கள் எட்டுக் கடையும் ஏறி இறங்கி, வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்கள். இரண்டு மாதம் அது நடந்தது அக்கா. நான் பார்த்தேன்.

அப்போதுதான் என் சம்பந்தியம்மாள் மீஞ்சூரிலிருந்து வந்தார்கள். என் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு முதல் தடவையாக வருகிறார்கள். நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன். அவர்கள் உன் கடையில் போய் நின்றிருக்கிறார்கள், வெறுங்கையோடு.

"பை இல்லாம மீன் இல்ல. போயி எட்த்துகினு வா."

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"யாரா இருந்தா இன்னா? கைல பை கீதா?"

வரிசையே சிரித்தது. நான் ஐஸோடு திரும்பியது சரியாக அந்தச் சிரிப்புக்கு நடுவில். சம்பந்தியம்மாளின் முகம் சுண்டிப்போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நேரே எதிர் மளிகைக் கடைக்குப் போனேன். இருந்தது நீலக் கவர்தான். ஒரு கட்டு வாங்கிவந்து, உன் கண் எதிரிலேயே பெரிய வஞ்சிரமாகப் பார்த்து அதில் போட்டுக் கொடுத்தேன். "எங்க சம்பந்திக்கி நான் குட்ப்பேன், எவ கேக்கறது? சூடமாவது கீடமாவது!" என்று கத்தினேன்.

மறுநாள் வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் என்னிடம் வந்தார்கள். "அவங்களுக்கு மட்டும் குட்த்தியே, நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" முடியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டு பிரித்தாகிவிட்டது, உன்மேல் கோபமும் ஆறவில்லை. என் கூடை பத்து மணிக்கே காலியாயிற்று. அதைப் பார்த்து ஒவ்வொருத்தியாகக் கவர் எடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் நீ மட்டும்தான் மிச்சம். ஐஸ் கரைந்து கண் வெளுத்த மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னாய்: "ஏழு பேரு மூட்ன ஓட்டைய நீ ஒருத்தி தொறந்துட்டமே." அதுதான் நீ என்னோடு பேசின கடைசிப் பேச்சு. நானும் பேசவில்லை.

பிறகு அரசாங்கமே தடை போட்டது. ஆட்கள் வந்து மஞ்சள் பை கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அவர்கள் இருந்த நேரம் கவரை ஐஸ் பெட்டிக்கு அடியில் தள்ளினோம், போனதும் வெளியே எடுத்தோம். நீ அதற்கு முன்பே கடையை விட்டுவிட்டாய்.

நீ செத்த அன்று உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். உன் வீட்டுச் சுவரில், அப்புறம் வந்த மழைகளில் தண்ணீர் நின்ற கறை ஜன்னலுக்கு மேலே தெரிந்தது. உள்ளே வரக் கால் வரவில்லை. அன்றிலிருந்து நான் கவர் கொடுப்பதில்லை. ஒருத்தரும் மாறவில்லை அக்கா. "இன்னா ஆயா, மீன் வாங்க வந்தா பரீட்ச வெக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். மூன்று அடி தள்ளினால் கவர் கிடைக்கும்போது எனக்காக யார் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள்?

இன்று பத்து மணிக்கு உன் மகள் வந்தாள். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். "சித்தி, அரைக் கிலோ நெத்திலி. கவர்ல போட்டுக் குடு, பை மறந்துட்டேன்."

"மறந்தா இன்னா கண்ணு, வூடு இங்கதான கீது. நல்லதா பொறுக்கி எட்த்து வெக்கிறேன், போயி எட்த்துகினு வா."

"ஐயோ, எங்கம்மா பண்ண பேஜாரு போதாதா, இப்ப நீயுமா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நகர்ந்தாள். கறுப்புக் கவரை விரலில் மாட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி அந்தச் சேற்றைத் தாண்டி வீட்டுக்குப் போனாள். அடுத்த மழைக்கு அந்தக் கவர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் எங்கே இருப்பாள் என்றும் தெரியும்.

சம்பந்தியம்மாள் விஷயத்தில் உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் கேட்டிருப்பார்கள், உன் வாய்தான் கெடுத்தது என்று இத்தனை வருஷமும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று நான் நல்லபடியாகத்தான் சொன்னேன் அக்கா.