அக்காவின் வெள்ளைச் சீருடை

பெப்ரவரி 12, வியாழன் இரவு

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் மக்கள் அனைவருக்கும் அறியத் தருவது: மூன்று நாள் லீவுக்குப் பிறகு சூரியன் இன்று வேலைக்கு வந்தது. அதுவும் அரைநாள்தான்.

அக்கா நாளைக்கு நுவரெலியாவில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர வேண்டும். யாரோ கொடுத்த வெள்ளைச் சீருடை பெட்டிக்குள் கிடந்து மஞ்சளாகியிருந்தது. நனைத்துப் புல்லில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் வெயிலே வெளுத்துவிடும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களா விரிப்பையெல்லாம் அப்படித்தான் வெளுத்தார்களாம். இன்று காவல் வேலை எனக்கு.

"எங்கிட்ட விடுங்க, பால் மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். புல்லில் நிழல் விழுகிறது என்று சொல்லி, மேட்டுக்குக் கொண்டுபோய்த் தேயிலைச் செடிமேல் விரித்தேன். காலையில்தான் அங்கே கொழுந்து எடுத்திருந்தார்கள். கிள்ளிய காம்புகளின் சாறு ஈரத்துணியில் இறங்கி, முதுகு முழுக்கப் பழுப்புப் புள்ளி.

"ஏன்டா, ஈர வெள்ளையக் கொழுந்து எடுத்த செடியில யாராச்சும் போடுவாங்களா?" என்று அம்மா கத்தினார்.

"சிறுத்தை ஆஸ்பத்திரிக்கு இதுதான் யூனிபார்ம்" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"விடுங்கம்மா, வெயில் தேடித்தானே போனான்" என்றாள் அக்கா.

இன்னும் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புள்ளி போகவில்லை. விடிந்ததும் பஸ். இந்நேரத்தில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்?

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. புல்லில் நல்ல வெயில்தான் அடித்தது. ஃபோனுக்கு சிக்னல் மேட்டில்தான் கிடைக்கும்.