ஒரு டின் கறுப்பு மை

மாஸ்டர்,

இன்றைக்கும் அரசாங்கக் கந்தோரில் என் பெருவிரலை மையில் அழுத்தினார்கள். காணாமல்போன உங்களைத் தேடித் தரச்சொல்லி நான் கொடுக்கும் ஐந்தாவது மனு. வெளியே பைப்பில் கையை நீட்டினேன். ஊதா நிறம் பாதி ஓடிப்போனது. "இதுவும் ஒரு மையா?" என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மையைப் பற்றி நான் ஒருமுறை வாய் திறந்ததே போதும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அயல்வீட்டு ரீச்சர் எழுதுகிறா. ஆனாலும் டவுன் அச்சுக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் மெஷின் ஓட்டியவன் நான். மையைத் தொட்டு இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால், அந்தச் சத்தத்திலேயே அதன் குணம் சொல்வேன். அந்த மண்டைக்கனம்தான்.

சுனாமி உங்கள் மனைவியைக் கொண்டுபோன இரண்டாம் வருடம். முகாம் கொட்டில்களில் அடுத்தடுத்து இருந்தோம். அவவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சித்திரம் படிப்பித்த நீங்கள், தாழை வேரில் சிக்கிக் கிடந்த அவவின் சேலைத்துண்டை மட்டையில் ஒட்டி, அரக்குப் பூசிக் காயவைத்தீர்கள். மை தடவிக் கடதாசியில் ஒற்றினால் நூல் நூலாக விழும், அதுதான் இனி அவவின் படம் என்றீர்கள்.

நிவாரணப் பெட்டியில் வந்த நீலத் தண்ணி மைப் போத்தலை எடுத்தீர்கள். நான் சிரித்தேன்.

"என்ன மாஸ்டர், இது நேசரிப் பிள்ளையள் கை முக்கி விளையாடுற சாமான்."

"இருக்கிறத வெச்சி அடிப்பமே அண்ணன். சண்ட நேரம், டவுனுக்குப் போக ரோட்டு நிலம சரியில்ல."

"மாரி ஈரத்துக்கே இது ஊறிப் போகும். எண்ணெ மைதான் நிக்கும்."

நீங்கள் போத்தலைக் கீழே வைக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன்: "அவவ ரெண்டாந்தரமும் தண்ணியில கரைய விடப் போறீங்களா?"

போத்தலை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தீர்கள்.

கறுப்பு மை ஒரு டின் வாங்கிக் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டதாக அச்சுக்கூடத்தில் சொன்னார்கள். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் உங்களை மறித்ததைக் கண்டவர் இருக்கிறார். அதை எழுதிக் கொடுக்க அவருக்குப் பயம். சைக்கிள்கூடத் திரும்பவில்லை. சண்டை முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்திய அன்று, இனி உங்களை விடுவார்கள் என்று உங்கள் கொட்டிலைக் கூட்டி வைத்தேன். மடையன்.

பிறகொரு நாள் அந்த நீலப் போத்தலைத் தேடி எடுத்தேன். மை கட்டியாய் இறுகியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, துணிப்பொட்டலத்தால் உங்கள் சேலை மட்டையில் ஒற்றி, கடதாசியை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். பழுதாகட்டும், நான் சொன்னதே சரியாகட்டும் என்றுதான் தேய்த்தேன்.

உரித்தபோது கரை, பூ, மூலையில் அவ கையால் போட்ட ஒட்டுத்தையல், எல்லாம் நூல் நூலாக விழுந்திருந்தது.

கொட்டில் போய்க் கல்வீடு வந்துவிட்டது. படம் சுவரில் தொங்குகிறது. மனு கொடுக்கப் போகும் நாளெல்லாம் அதன் முன்னால் நின்றுதான் சட்டை போடுகிறேன். கூரை எத்தனையோ மாரிக்கு ஒழுகிவிட்டது.

அந்த நீலம் இன்னும் ஊறவில்லை, மாஸ்டர்.